‘ஏந்தப்பாத்தேன் இருக்கும்’

யார் என்ன குறையோடு வந்தாலும், ‘என் தப்பாகத்தான் இருக்கும்’ என்று எங்கள் பக்கத்துப் பேச்சில் அவர் முதலில் சொல்வது அந்த ஒரு வாக்கியம்தான். “ஏந்தப்பாத்தேன் இருக்கும். உக்காருங்க, பாப்போம்.”

உத்தமபாளையத்தில் பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில், சாவி செய்பவருக்கும் பழச்சாறு கடைக்கும் நடுவே அவருடைய கடை இருந்தது. இப்போதும் இருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், அடிக்கடி தட்டிக்கொடுத்தால்தான் ஓடும் ஒரு பிரிண்டர். ஊரில் எல்லோருக்கும் அவர் கம்ப்யூட்டரக்கா. அவரைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்தப் பெயரை ஒருமுறை கெடுத்தவன் நான். மறுபடி அதைப் பத்துப் பேர் முன்னால் இழுத்து நிறுத்த எனக்கு உரிமை கிடையாது.

அடக்கமான பெண் என்று நினைத்துவிட வேண்டாம். “இந்தச் சந்துல இல்ல, தேனி வரைக்கும் போய்ப் பாருங்க சார், என்னைய மாதிரி கம்ப்யூட்டர்ல டேபிள் கட்டம் போட ஆளு கெடையாது” என்று சொல்லிக்கொள்வார். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடுவார். கணவர் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுநர். மதியம் கடைக்கு வந்து சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்ததும் அவருக்கு வசவு விழும். “கை கழுவாம மவுஸத் தொடாதீக. அது பூராம் புளிக்கொழம்பு.” மலை தாண்டிக் குமுளிப் பக்கமிருந்து வருகிறவர்களோடு அரைகுறை மலையாளத்தில் பேரம் பேசுவார். சிரித்தால் சாவிக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். சொந்த ஊர் அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், வயல்களுக்கு நடுவே. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கூடும் நிகழ்ச்சி ஒன்றுக்கு அழைப்பிதழை வீட்டு மடிக்கணினியில் நானே தயார்செய்து, பிடிஎஃப் ஆக்கி, பென் டிரைவில் கொண்டுபோனேன். அச்சாகி வந்ததைப் பார்த்தபோது கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் கிடந்தன. சில இடங்களில் எழுத்தே இல்லை, வெறும் பெட்டி பெட்டியாக இருந்தது.

“நல்லா இருந்ததைக் கெடுத்துட்டியேம்மா” என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

“ஏந்தப்பாத்தேன் இருக்கும் சார். உக்காருங்க.”

கோப்பைத் திறந்தார். வாசகத்தைப் பார்க்கவில்லை. அதன் விவரங்களுக்குள் போய் ஃபாண்ட் பட்டியலைத்தான் முதலில் எடுத்தார். எந்தப் பிடிஎஃப் வந்தாலும் அவருக்கு அதுதான் பழக்கம். “உள்ள யாரு யாரு குடியிருக்காகன்னு பாக்கணும் சார், அப்பறந்தேன் வைத்தியம்” என்றார். பிறகு திரையைத் தொட்டுக் காட்டினார். “பாருங்க, நீங்க அடிச்ச எழுத்து உள்ள இல்ல. வீட்டுலயே விட்டுட்டு வந்திருக்கீக. எம் மெஷினு கையில ஆப்ட்டத எடுத்துப் போட்டுக்கிருச்சு. எங்கிட்ட அந்த எழுத்து இருந்திருந்தா இம்புட்டு ஆகியிருக்காது. அது எங் குத்தந்தேன்.”

“இல்லம்மா, நான்தான் ஃபாண்டைச் சேர்த்துச் சேமிச்சிருக்கணும்” என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

“அப்ப ஆளுக்குப் பாதி” என்று சிரித்தார்.

அதன்பின் அடிக்கடி அந்தக் கடைக்குப் போனேன். வேலை இருந்ததோ இல்லையோ, பேச்சு நன்றாக இருந்தது. ஒருநாள் பண்ணைப்புரத்திலிருந்து பெண்ணின் தகப்பனார் ஒருவர், கல்யாணப் பத்திரிகைக் கட்டைத் தூக்கிக்கொண்டு சந்து முனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்.

“ஏத்தா, தாய்மாமன் பேரு எங்க? எல்லாரும் ஒரே கட்டத்துல சேந்து நிக்கிறாக, எம் மச்சினன் மட்டும் அடுத்த பக்கத்துல அநாதையாத் தொங்குறான்! அவன் அருவாளத் தூக்கிட்டு வந்தா நீயா பதில் சொல்லுவ?”

“ஏந்தப்பாத்தேன் இருக்கும்ணே. மொத உக்காருங்க. சர்பத்துச் சொல்லவா?”

அவர் உட்கார்ந்தார். சர்பத்து வந்தது. பாதி குடித்ததும் முகம் மாறியது. “நேத்துச் சாயங்காலம் போன்ல ரெண்டு பேரச் சேக்கச் சொன்னேனே… அதுல தள்ளிருச்சோ?”

“அப்பிடியும் இருக்கலாம்ணே. நானும் ஒரு தரம் பாத்திருக்கணும்.”

“இல்ல தாயி, நீ அனுப்புனதச் சரி பாக்காம நாந்தேன் அடிக்கச் சொன்னேன். அவசரத்துல…” மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

“வந்ததுமே தெரிஞ்சிருக்கும் உனக்கு. பிறகு ஏன் உன் தப்புன்னு சொன்னே?” என்று கேட்டேன்.

வறுத்த கடலையை உள்ளங்கையில் தேய்த்துத் தோலை ஊதினார். “சார், கத்திக்கிட்டு வாரவுகளப் பாருங்க. ஒரு தப்ப ரெண்டு கையிலயும் தூக்கிக்கிட்டு, எங்கன எறக்கி வைக்கன்னு தெரியாம வாராக. நான் வாங்கி மேசையில வச்சிருவேன். கை காலியானதும் அவுகளே நிதானமாப் பாத்து, அட, இது எங்களதுன்னு எடுத்துக்கிருவாக.”

“எடுத்துக்கலைன்னா?”

“எடுக்காமப் போனவுக இதுவரைக்கும் இல்ல சார்.”

இதில் ஒரு சிக்கல் உண்டு, அது எனக்கு அப்போது புரியவில்லை. உண்மையிலேயே அவர் தவறு செய்தபோதும் அதே வாக்கியத்தை அதே குரலில்தான் சொல்வார். தேவதானப்பட்டி வீட்டுச் சடங்குப் பத்திரிகையில் மண்டபத்தின் பெயரை மாற்றி அடித்துவிட்டு, மழையில் இரண்டு பேருந்து மாறிப் போய்ப் புதுப் பத்திரிகையைக் கையில் கொடுத்துவிட்டு வந்தார். அன்றும் “ஏந்தப்பாத்தேன் இருக்கும்”தான். ஆகவே அந்தச் சொல்லை வைத்து எது அவருடைய தவறு, எது அவர் வாங்கி வைத்த தவறு என்று வெளியாள் யாராலும் பிரித்தறிய முடியாது. அவரை நன்றாகத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியும்.

டேபிள் விஷயத்தில் அவருக்குச் சில பிடிவாதங்கள் இருந்தன. ஒரு வரிசையை இரண்டு பக்கத்தில் பாதி பாதியாக உடையவிட மாட்டார். இடம் போதவில்லை என்று வரிசையின் உயரத்தை இவ்வளவுதான் என்று கட்டவும் மாட்டார். நான் ஒருமுறை, “உயரத்தைக் குறைச்சுப் பூட்டிடு, எல்லாம் அடங்கிடும்” என்று யோசனை சொன்னேன்.

“அடங்கும் சார். ஆனா ரெண்டாவது வரி கட்டத்துக்குள்ள நின்னுக்கிட்டே மறஞ்சு போகும். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, அம்புட்டு அழகா இருக்கும். உசரத்த மட்டும் கட்டிராதீக. உள்ள இருக்குறவுக மூச்சு முட்டிருவாக.”

இதை என்னிடம் சொன்னார். நான் கேட்டேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

எங்கள் ஊர்க் கண்மாய்ப் பாசனச் சங்கத்துக்கு நான் செயலாளர். ஆற்றில் தண்ணீர் குறைந்த பருவங்களில் முறை வைத்துத்தான் வயலுக்குத் தண்ணீர் விடுவோம். யாருக்கு எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று ஒரு பட்டியல். அதைப் பார்த்துத்தான் நீர்பாய்ச்சி மடை திறப்பார். எங்கள் பட்டியலில் ஒரு பழைய வழக்கம் உண்டு. அண்ணன் தம்பிக்குள் பட்டா பிரியாமல் கூட்டாக இருந்தால் மூத்தவர் பெயரும் கூட்டுக்கான முழு நேரமும் முதல் வரியில் வரும். அதில் மற்றவருடைய பங்கும் நேரமும் அதே கட்டத்தில் கீழே இரண்டாவது வரியில் வரும். அப்படி இரண்டாவது வரியில் இருந்தவர்களில் ஒருவர் கணவனை இழந்த ஓர் அம்மாள். முதல் வரியில் அவருடைய மூத்தார், கணவரின் அண்ணன். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அந்த அம்மாளுக்கு ஊரில் இருந்த ஒரே பிடிமானம் அந்த இரண்டாவது வரி.

அந்தப் பருவத்தில் கம்ப்யூட்டரக்கா பட்டியலை இரண்டு பக்கமாகத் தயாரித்துக் காட்டினார். எனக்கு ஒரே பக்கத்தில் வேண்டியிருந்தது. டீக்கடைச் சுவரில் ஒட்டவும், எல்லோருடைய போனுக்கும் அனுப்பவும் ஒரு பக்கம்தான் அழகு. எனக்கு முன்னால் இருந்த செயலாளர் கையாலேயே ஒரு பக்கத்தில் எழுதுவார் என்று ஊரில் பேச்சு. படித்தவன் இரண்டு பக்கம் கொடுத்தால் என்ன மரியாதை?

“ரெண்டு பக்கமே இருக்கட்டும் சார். நெருக்குனா யாராவது நசுங்குவாக.”

“ஃபைலை அனுப்பு. நான் பார்த்துக்கிறேன்.”

வீட்டில் திறந்தபோது அவருடைய எழுத்து என் மடிக்கணினியில் இல்லை. அது வேறு எழுத்தை எடுத்துப் போட்டுக்கொண்டது. அகலமான எழுத்து. வரிகள் மடங்கி, இரண்டு பக்கம் மூன்றாயிற்று. அவருக்கு போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்க மனம் வரவில்லை. எல்லா வரிசைகளையும் தேர்ந்தெடுத்து, உயரத்தைக் குறைத்துப் பூட்டினேன். ஒரே பக்கம். கோடுகள் நேராக, கட்டங்கள் சமமாக, பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. பிடிஎஃப் ஆக்கிச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். “அருமை சார்” என்று கை கூப்பிய படங்கள் வந்தன. அவற்றை எல்லாம் பார்த்தேன். பட்டியலை இன்னொரு முறை பார்க்கவில்லை.

இரண்டாவது வரிகள் எல்லாம் கட்டத்துக்குள்ளேயே மறைந்துபோயிருந்தன. மற்ற கூட்டுப் பட்டாக்காரர்கள் தங்களுக்குள் பேசிச் சரிசெய்துகொண்டார்கள். அந்த அம்மாளுக்கு மட்டும் பேச ஆள் இல்லை. தன் முறை என்று மண்வெட்டியோடு மடைக்குப் போனபோது, நீர்பாய்ச்சி போனில் பட்டியலை விரித்துக் காட்டியிருக்கிறார். “ஒம் பேரு இதுல இல்லையே ஆத்தா. முழு நேரமும் ஒங்க மூத்தாருக்குன்னுல்ல போட்டுருக்கு?” மூத்தார் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒரு முறை தவறினால் அடுத்தது வர எட்டு நாள். நட்டு வேர் பிடிக்காத நாற்று அவ்வளவு நாள் தாங்கவில்லை.

சங்க அறையில் கூட்டம் கூடியது. தலைவர் பட்டியலை மேசைமேல் போட்டு, “யாரு அடிச்சது இது?” என்று கேட்டார்.

“கம்ப்யூட்டர் கடையில்தான் கொடுத்தோம்” என்றேன். கொடுத்தது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஆள் அனுப்பி அவரை வரவழைத்தார்கள். ஸ்கூட்டியில் வந்தார், கையில் கடலைப் பொட்டலம்கூட இருந்தது. என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டு, என் பக்கத்தில் இருந்தவரின் போனில் அந்தப் பிடிஎஃப்பை வாங்கிப் பார்த்தார். ஃபாண்ட் பட்டியல் எதையும் திறக்கவில்லை. திறக்கத் தேவையே இல்லை. அந்த எழுத்து அவருடைய கடையில் கிடையாது. அம்மா தன் பிள்ளையையும் அடுத்த வீட்டுப் பிள்ளையையும் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கோபமில்லை. எப்போதும் பார்க்கிற மாதிரிதான்.

“ஏந்தப்பாத்தேன் இருக்கும்” என்றார்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். பண்ணைப்புரத்துக்காரருக்குக் காத்திருந்ததுபோல. எனக்கே ஒருமுறை காத்திருந்ததுபோல. மேசைமேல் வைத்தாயிற்று, எடுத்துக்கொள்ள வேண்டியவன் நான். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஓர் இறக்கையில் ஒட்டடை படிந்திருந்தது. அதைத்தான் பார்த்தேன்.

“இருக்கும்னா என்னாம்மா? ஊரு சோத்துல வெளையாடுற வேலையா இது?” என்று தலைவர் ஆரம்பித்தார். மூத்தார் ஒரு பக்கமாகச் சிரித்தார். அந்த அம்மாள் எழுந்து வந்து மூத்தாரைக் கைகாட்டினார்.

“ஏத்தா, நீயும் ஒரு பொம்பளதேன. ஏம் பேர அழிக்க அந்தாளு கையில எம்புட்டு வாங்குன?”

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். தவறு ஒன்று, லஞ்சம் என்பது வேறு. கம்ப்யூட்டரக்கா மறுபடி என்னைப் பார்த்தார். இந்த முறை அது கேள்வியாக இருந்தது. ‘நான்தான்’ என்ற சொல் வாய்வரை வந்தது. இருபது பேர் எதிரில், ‘புரபசர் சொதப்பிட்டாரு’ என்று நாளை டீக்கடையில் பேசுவார்கள் என்ற நினைப்பு அதை விழுங்கிவிட்டது.

“காசு வாங்கல ஆத்தா” என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். கடலைப் பொட்டலத்தை மறந்து மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சங்கத்து வேலை வேறு கடைக்குப் போனது. பக்கத்து ஊர்களிலும் பேச்சு பரவியது. காசு கொடுத்தால் பட்டியலில் பெயரை எடுத்துவிடுவாளாம். பத்திரம் எழுதுகிறவர்கள் விலகினார்கள். நான் அந்தச் சந்து வழியாகப் போவதை நிறுத்தினேன். ஜெராக்ஸ் எடுக்க வேண்டுமென்றால் சின்னமனூருக்குப் போனேன். முகத்தைப் பார்க்க முடியாதவனுக்கு எந்தத் தூரமும் அதிகமில்லை.

சில ஆண்டுகள் ஓடிவிட்டன. என் மனைவியின் நினைவு நாளுக்குச் சிறு நினைவு மலர் ஒன்று அச்சிட நினைத்தேன். உறவினர் பட்டியல் ஒரு பக்கத்தில் வர வேண்டும். சாக்கு கிடைத்தது என்று சொல்வதே சரி. போனேன்.

ஒரு கம்ப்யூட்டர்தான் இருந்தது. மற்ற மேசையில் மொபைல் உறைகள் தொங்கின. “வாங்க சார்” என்றார். குரலில் குறை எதுவும் இல்லை. தலைக்கு மேல் சுவரில் ஓர் அட்டை: ‘திருத்தம் பார்த்துக் கையொப்பம் இட்ட பின்பே அச்சிடப்படும். அதன்பின் வரும் பிழைகளுக்குக் கடை பொறுப்பல்ல.’

என் பென் டிரைவைச் செருகித் திறந்தார். எழுத்துகள் பெட்டி பெட்டியாக வந்தன. பழைய கதைதான். பழக்கத்தில் அந்த வாக்கியத்துக்காகக் காதைத் தீட்டினேன்.

“ஃபாண்டு சேக்காமக் கொண்டாந்திருக்கீக சார்” என்றார். “ஒங்க தப்பு.”

சரியான பதில். எந்தக் கடையிலும் அதைத்தான் சொல்வார்கள். இந்தக் கடையில் அதை முதல் முறையாகக் கேட்டேன்.

“அன்னைக்கு அந்தப் பட்டியல்…” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும் சார். பாத்ததுமே தெரிஞ்சது. அது எங் கடை எழுத்தே இல்ல.”

“பிறகு ஏம்மா சொல்லலை?”

“நாந்தேன் மொதல்ல சொன்னேனே சார். அப்பறம் நீங்கதேன சொல்லணும்?” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எங்கிட்டச் சொல்லி என்னா ஆகப்போகுது? அந்த ஆத்தாகிட்டச் சொன்னீகளா?”

சொல்லவில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குக் கொடி கட்டிக்கொண்டிருந்தார் அந்த அம்மாள். மறுநாள் காலை தோட்டத்துக்கே போய், பந்தலுக்குக் கீழே குனிந்து நின்று, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். நிமிர முடியாத இடம் அது, நல்லதாயிற்று. என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கையில் இருந்த சணலைக் கீழே போட்டுவிட்டார்.

“அப்ப அந்தப் பிள்ளையவா நான் அப்பிடிக் கேட்டேன்? சபையில வச்சு?”

“தப்பு என்னோடதும்மா.”

“ஒங்க தப்பு ஒங்களோட. நான் பேசுன பேச்சு எம் வாயில இருந்துல்ல வந்துச்சு.” முந்தானையை உதறிச் செருகினார். “நடங்க, போவோம்.”

போகிற வழியில் சங்க அறையில் இறங்கி, இருந்தவர்களிடமும் சொன்னேன். “அட விடுங்க சார், வயசானா நடக்கிறதுதேன். ஏலே, சாருக்கு ஒரு டீ சொல்லு” என்றார்கள். செய்யாத தவறுக்கு அந்தப் பெண்ணுக்கு இத்தனை ஆண்டு. செய்தவனுக்கு ஒரு டீ. குடிக்காமல் எழுந்தேன்.

கடைக்குள் அந்த அம்மாள் எனக்கு முன்னால் ஏறினார். மடியில் கட்டியிருந்த திராட்சையை மேசைமேல் வைத்தார். “தாயி, ஏந்தப்புத்தேன். தெரியாமப் பேசிட்டேன்.”

கம்ப்யூட்டரக்கா எழுந்து நின்றுவிட்டார். இத்தனை ஆண்டுகளாக வெளிவராத வாக்கியம் தானாக வந்தது. “இல்ல ஆத்தா, ஏந்தப்பாத்தேன் இருக்கும். அன்னைக்கே நானும் வெவரமாச் சொல்லியிருக்கணும்ல? மொத உக்காருங்க.”

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் வாசற்படியில் நின்று, “என் தப்புதாம்மா” என்றேன். அதையும் மூன்றாவது ஆளாகத்தான் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். நாற்காலியை நகர்த்திப் போட்டார். பிறகு முந்தின நாள் நான் கொடுத்துவிட்டுப் போன மலரின் மாதிரிப் பிரதியை எடுத்து, பேனாவோடு என் பக்கம் தள்ளினார்.

“எல்லாப் பேரும் இருக்கான்னு நல்லாப் பாத்துட்டு, கீழ ஒரு கையெழுத்துப் போட்டுருங்க சார்.”

பார்த்தேன். ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன்.